பத்து நிமிஷம்தானே!



ஓர் இளம் தாயை நினைத்துக்கொள்ளுங்கள். கணவன் வேலைக்குப் போயிருக்கிறான். வீட்டில் அவளும் இரண்டு வயதுக் குழந்தையும்தான். குழந்தை தூளியில் அயர்ந்து தூங்குகிறது. தெருக்கோடியில் தண்ணீர் லாரி வந்து நிற்கும் சத்தம் கேட்கிறது. நாலு குடம் பிடிக்காவிட்டால் இன்றைக்கு உலை வைக்க முடியாது. போய் வரப் பத்து நிமிஷம் ஆகும். கதவைச் சாத்திவிட்டு அவள் போகலாமா, கூடாதா?

இது அற்பக் கேள்வி அன்று. சிறு குழந்தைகள் உள்ள வீடுகளில் நாள் தவறாமல் எழும் கேள்வி. இதற்குச் சட்டென்று கிடைக்கும் விடைகள் இரண்டு. இரண்டுமே அரைகுறை விடைகள் என்பது நம் எண்ணம். அது ஏன் என்று சற்று நிதானமாக ஆராய்வோம்.

முதல் விடை: “கூடவே கூடாது. பெற்ற பிள்ளையை ஒரு கணமும் கண் பார்வையை விட்டு அகல விடலாகாது.” கேட்பதற்கு நல்ல போதனைதான். ஆனால் இதைச் சொல்பவர்கள் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் வீட்டில் மாமியாரோ வேலைக்காரியோ உள்ளவர்கள். அல்லது பகலெல்லாம் மனைவி பிள்ளையைப் பார்க்க, மாலையில் வந்து அதைத் தூக்கிக் கொஞ்சும் தகப்பன்மார்கள். அடுப்பு, தண்ணீர், துணிமணி, ஆடு மாடு, கைக்குழந்தை எல்லாம் ஒருத்தியின் தலையில் விழும்போது, கண்ணை அகற்றாதே என்பது செய்ய முடியாத கட்டளை. செய்ய முடியாததைக் கடமை என்று விதித்துவிட்டு, தவறினவளைக் குற்றவாளி என்பது நியாயமாகுமா?

வங்காளதேசத்தைப் பாருங்கள். குளமும் குட்டையும் ஓடையும் நிறைந்த தேசம். ஒன்று முதல் நாலு வயது வரையுள்ள குழந்தைகளின் சாவுக்கு அங்கே தலையாய காரணங்களுள் ஒன்று நீரில் மூழ்குதல். அது பெரும்பாலும் எப்போது நேரிடுகிறது? காலை 9 மணிக்கும் பகல் 1 மணிக்கும் இடையே, தகப்பன் வயலிலும் தாய் அடுப்படியிலும் இருக்கும் வேளையில், வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள குட்டையில் நேரிடுகிறது. அந்தத் தாய்மார்களுக்குப் பிள்ளைப் பாசம் இல்லை என்று யார் சொல்லத் துணிவார்? சோறு வடிக்கும் நேரத்தில் பிள்ளையைப் பார்க்க வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது விடை: “நாங்களெல்லாம் அப்படித்தான் வளர்ந்தோம். எங்களை யார் கண்காணித்தார்கள்? ஒன்றும் ஆகிவிடவில்லையே!” இதைச் சொல்லும் பெரியவர்களைப் பணிவோடு ஒன்று கேட்கலாம். ஒன்றும் ஆகாதவர்கள் இன்று உயிரோடிருந்து பேசுகிறார்கள். கிணற்றில் விழுந்த பிள்ளை, அடுப்பில் புரண்ட பிள்ளை வந்து சாட்சி சொல்லப் போவதில்லை. ஊரிலுள்ள வயதான பாட்டிமாரிடம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். அந்தப் பிள்ளைகளின் பெயர்கள் அவர்களுக்கு இன்னும் மறக்கவில்லை என்பது தெரியவரும்.

அன்றியும், அந்தக் காலத்தில் தாய் பார்க்காத பிள்ளையை யாருமே பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. திண்ணையில் தாத்தா இருந்தார். எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. தெருவில் போகிறவர் யாராயினும், “டேய், யார் வீட்டுப் பிள்ளையடா நீ?” என்று அதட்டி வீட்டில் கொண்டுவந்து விட்டார். இன்றோ கதவுகள் சாத்தியிருக்கின்றன. மாடிக் குடியிருப்பில் அடுத்த வீட்டாரின் பெயர் தெரியாமலே மூன்று வருஷம் கழிந்துவிடுகிறது. அன்று ஊரே செய்த காவலை இன்று ஒருத்தியிடமிருந்து எதிர்பார்க்கிறோம்.

ஊர்க்காவலிலும் ஓர் ஆபத்து உண்டு. சேசுபாலன் பன்னிரண்டு வயதில் ஜெருசலேமில் தங்கிவிட்ட வரலாறு நமக்குத் தெரியும். பாஸ்காத் திருநாள் முடிந்து ஊர் திரும்பும்போது, பிள்ளை உறவினர் கூட்டத்தில் இருப்பதாக எண்ணி, மரியம்மாளும் சூசையப்பரும் ஒரு நாள் தூரம் நடந்துவிட்டார்கள். அவர்களை யாரும் அசட்டையான பெற்றோர் என்று சொல்வதில்லை. கூட்டத்தை நம்பியது இயல்பானது. ஆயினும் கூட்டம் என்பது யாருடைய பெயருமில்லை. கலியாண வீட்டிலும் திருவிழாக் கூட்டத்திலும் குழந்தை தவறிப்போவது இப்படித்தான். தாய், அத்தையிடம் இருக்கிறது என்று நினைக்கிறாள். அத்தை, சித்தியிடம் இருக்கிறது என்று நினைக்கிறாள். எல்லாரும் பார்ப்பார்கள் என்ற இடத்தில் ஒருவருமே பார்ப்பதில்லை.

ஆகவே, “ஒரு கணமும் கூடாது” என்பதும் சரியன்று. “அதெல்லாம் ஒன்றும் ஆகாது” என்பதும் சரியன்று. வேறே அளவுகோல் வேண்டும்.

நாம் வழக்கமாகக் கடிகாரத்தைக் கொண்டு அளக்கிறோம். “பத்து நிமிஷம்தானே!” என்கிறோம். ஆனால் பத்து நிமிஷம் எல்லா இடத்திலும் ஒரே பத்து நிமிஷம் அல்ல. தண்ணீர் உள்ள இடத்தில் இரண்டு நிமிஷமே அதிகம். குளிக்கும் அறையில் கால் வாளித் தண்ணீர் போதும். தத்திநடை போடும் குழந்தைக்குத் தலைப் பாரம் அதிகம். தலைகீழாக விழுந்தால் தன்னால் எழ முடியாது. தண்ணீரில் மூழ்கும் குழந்தை கத்திக் கூப்பிடும் என்று நம்பியிருக்கவும் வேண்டாம். பெரும்பாலும் சத்தமே கேட்பதில்லை.

நிறுத்தி வைத்த காரும் அப்படியே. “தூங்குகிறான், எழுப்ப வேண்டாம், கடையில் ஒரு சாமான் வாங்கிவந்துவிடலாம்” என்று நினைக்கிறோம். அமெரிக்காவில் 2005-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், வெளியே 22 டிகிரி செல்சியஸ் மட்டுமே இருந்த இதமான நாளில், மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் சூடு 47 டிகிரிக்கு ஏறியது. அந்த ஏற்றத்தில் ஐந்தில் நாலு பங்கு முதல் அரை மணியிலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைச் சற்று இறக்கி வைத்தும் பெரிய பயன் இல்லை. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் என்ன ஆகும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கு மாறாக, ஒன்பது வயதுப் பையன் பகல் வேளையில் அரை மணி வீட்டில் தனியே இருந்து பாடம் எழுதுகிறான். அடுத்த வீட்டு அக்காவுக்கு அது தெரியும். இதில் என்ன குற்றம்? அந்த வயதுப் பிள்ளையைக் கதவு திறக்க, யாரேனும் தட்டினால் பதில் சொல்ல, கடைக்குப் போய்ச் சில்லறை எண்ணி வாங்கிவரப் பழக்காமல் விடுவதுதான் குறை. காவல் பெற்றோரின் கடமை. காவலைப் படிப்படியாகத் தளர்த்துவதும் அதே கடமையைச் சேர்ந்தது. அமெரிக்க நாட்டின் யூட்டா மாநிலத்தார் 2018-ல் ஒரு சட்டமே இயற்றினார்கள்: போதிய வயதும் முதிர்ச்சியும் உள்ள பிள்ளை தனியே பள்ளிக்கு நடந்து போவதும், வெளியில் விளையாடுவதும் பெற்றோரின் அசட்டையாக எண்ணப்படலாகாது என்று. சட்டம் போட்டுச் சொல்ல வேண்டிய அளவுக்கு அச்சம் மிகுந்துவிட்டது போலும்!

இனி, இந்தக் கேள்வியின் கசப்பான பகுதிக்கு வருவோம். இரண்டு தாய்மார் ஒரே நாளில் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள். இருவரும் தூங்கும் பிள்ளையை விட்டுவிட்டுத் தண்ணீருக்குப் போகிறார்கள். ஒருத்தி திரும்பி வரும்போது பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கிறது. மற்றொருத்தி வரும்போது பிள்ளை இல்லை. முதலாமவளை நாம் கெட்டிக்காரி என்கிறோம். இரண்டாமவளை, “இவளெல்லாம் ஒரு தாயா?” என்கிறோம். இருவர் செய்ததும் ஒன்றே அல்லவா? குற்றம் என்று ஒன்று இருந்தால், அது கதவைச் சாத்திய அந்த நொடியில் அவள் அறிந்திருந்ததையும், அவளால் செய்யக் கூடியதாக இருந்ததையும் பொறுத்தது. அப்புறம் நேர்ந்ததைப் பொறுத்ததன்று. தப்பித்து வந்தவள் இதனால் நிரபராதி ஆகிவிடவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் இதனால் பாதகி ஆகிவிடவும் இல்லை.

நம் தீர்ப்பு எவ்வளவு கோணலானது என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. கலிபோர்னியாவில் சிலர் 2016-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். குழந்தை தனியே விடப்பட்ட கதைகளைப் பலரிடம் கொடுத்து, “குழந்தைக்கு ஆபத்து எவ்வளவு?” என்று கேட்டார்கள். குழந்தையின் வயது, இடம், நேரம் எல்லாம் ஒன்றே. தாய் போன காரணம் மட்டும் வேறு வேறு. ஒரு கதையில் வாகனம் மோதி மயங்கி விழுந்ததால் அவள் திரும்பவில்லை. இன்னொன்றில் வேலைக்காகப் போனாள். வேறொன்றில் இளைப்பாறப் போனாள். மற்றொன்றில் தகாத உறவுக்காகப் போனாள். படித்தவர்கள், தகாத உறவுக்குப் போனவளின் குழந்தைக்கே ஆபத்து அதிகம் என்றார்கள். மயங்கி விழுந்தவளின் குழந்தைக்குக் குறைவு என்றார்கள். தாய் போன காரணத்தைக் குழந்தையின் ஆபத்து அறியுமா? முதலில் தாயின்மேல் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். பிறகு அதற்கு ஏற்ப ஆபத்தை அளக்கிறோம்.

நம் நாட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் நம்மைவிட நிதானமானது. 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையின் பொறுப்பாளர் மனமறிந்து அதைப் புறக்கணித்து, அதனால் அதற்குத் துன்பம் நேரிடக் கூடுமானால், மூன்று வருஷம் வரை சிறை என்கிறது. “மனமறிந்து” என்ற சொல்லைக் கவனியுங்கள்.

“அப்படியானால் மூத்த பெண்ணிடம் விட்டுவிட்டுப் போகலாமே” என்பீர்கள். ஏழு வயதுப் பெண்ணின் இடுப்பில் கைக்குழந்தையை ஏற்றிவிடுவது நம்மிடையே நெடுங்காலப் பழக்கம். ஆனால் ஏழு வயது என்பது காவலாளியின் வயது அன்று. அதுவே காவல் வேண்டும் வயது. அதன் கையில் தம்பிக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால், அந்தச் சிறுமி அந்தப் பாரத்தை எழுபது வயதிலும் இறக்கி வைக்க மாட்டாள். உதவிக்கு இருக்கட்டும், பொறுப்பு அவளுடையதாக வேண்டாம்.

பொறுப்பு பின் யாருடையது? தாயோடு தகப்பனுடையது முதலில். அதன்பின் நம் எல்லாருடையது. வங்காளதேசத்துக் கிராமங்களில் “ஆஞ்சல்” என்ற பெயரில் குழந்தைக் காப்பகங்களை அமைத்தார்கள். வங்க மொழியில் அது சேலைத் தலைப்பு, அதாவது முந்தானை. அந்த ஊர்ப் பெண் ஒருத்தியே தன் வீட்டில், காலை 9 மணி முதல் 1 மணி வரை, ஏறத்தாழ 25 குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். அங்கே வந்த குழந்தைகளிடையே நீரில் மூழ்கிச் சாவது ஐந்தில் நாலு பங்குக்கு மேல் குறைந்ததாக 2012-ல் வெளியான கணக்குக் கூறுகிறது. தாய்மார்களுக்கு யாரும் பிரசங்கம் செய்து இதைச் சாதிக்கவில்லை. நாலு மணி நேரம் இன்னொருத்தி பார்த்தாள், பிள்ளைகள் பிழைத்தன.

இந்த எண்ணம் நமக்குப் புதிதன்று. இலங்கை மலையகத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் தாய்மார் பிள்ளையை விட்டுப் போகும் இடத்தைப் பிள்ளை மடுவம் என்பார்கள். நம் நாட்டில் 1951-ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்று விதித்தது. 1975-ல் அங்கன்வாடிகள் தொடங்கின. ஆயினும் அங்கே போய் உட்கார்ந்து விளையாடுவது பெரும்பாலும் மூன்று வயது நிறைந்த பிள்ளைகளே. ஆபத்து மிகுந்த ஒன்றும் இரண்டும் வயதில், பிள்ளை வீட்டோடுதான் இருக்கிறது.

ஆகவே அந்தத் தண்ணீர்க் குடத்துத் தாய்க்கு நாம் சொல்வது இது. வெளியே போகுமுன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள். பிள்ளை இப்போதே விழித்தால் எதை எட்டும்? நான் திரும்ப முடியாமல் வழியில் விழுந்துவிட்டால், பிள்ளை தனியே இருப்பது யாருக்குத் தெரியும்? “நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று வாய் திறந்து சொன்ன பெரியவர் ஒருவர் உண்டா? இரண்டு வயதுப் பிள்ளை தூளியிலிருந்து இறங்கப் பார்க்கும், துணியில் சிக்கிக்கொள்ளும். பதில் சொல்ல ஆள் இல்லாவிட்டால், தூக்கம் கலைந்தாலும் பரவாயில்லை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போ. இரண்டு குடம் குறைந்தாலும் குறையட்டும்.

அவளுக்கு இவ்வளவு சொன்ன நாம், நமக்கும் ஒன்று சொல்லிக்கொள்ள வேண்டும். உங்கள் தெருவில் கைக்குழந்தையோடு தனியே பாடுபடும் தாய் யார் என்பது உங்களுக்குத் தெரியும். தண்ணீர் லாரி வரும் நேரமும் தெரியும். இந்த வாரம் அவள் வீட்டுக் கதவைத் தட்டி, “நீ போய்ப் பிடித்து வா அம்மா, நான் உட்கார்ந்திருக்கிறேன்” என்று சொல்லுங்கள். பத்து நிமிஷம்தானே!