இரண்டு பேருக்கு மட்டும்

ஒரு பொருளை வாங்கும்போது அதோடு கூட என்னென்ன கடமைகளை வாங்குகிறோம் என்பதை எந்தக் கடைக்காரரும் பில்லில் எழுதித் தருவதில்லை. பசு வாங்கினால் வைக்கோல் போட வேண்டும் என்பது தெரிந்தது. கொல்லையில் கிணறு வெட்டினால் கோடையில் அண்டை வீட்டுக் குடங்களும் வந்து நிற்கும் என்பதும் தெரிந்ததுதான். மோட்டார் கார் வாங்குகிறவர்கள் மட்டும் பெட்ரோலையும் இன்ஷூரன்ஸையும் கணக்குப் போட்டுவிட்டு அத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தெருவில் ஒரு வீட்டில் கார் நிற்கிறது என்றால், அகாலத்தில் யாருக்கு நெஞ்சு வலித்தாலும் முதலில் தட்டப்படுவது அந்த வீட்டுக் கதவு. 108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வருகிற இந்தக் காலத்திலும், அது வந்து சேர்வதற்குள் என்ன ஆகுமோ என்று பயந்த மனிதர் அங்கேதான் ஓடுகிறார். கார்க்காரர் நல்லவரா, சிடுமூஞ்சியா என்பதெல்லாம் அப்புறம். காரில் பின் ஸீட் இருக்கிறது. அந்தக் காலி இடமே ஊருக்குக் கொடுத்த வாக்கு மாதிரி.

பின் ஸீட்டே இல்லாத காரை ஒருவர் வாங்கினால்?

பின் ஸீட் இல்லாமல் போவது தற்செயலாக நேர்வதல்ல. வேண்டுமென்றே எடுத்துவிடுகிறார்கள். எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார் என்று ஒரு ஜாதி இருக்கிறதே, அதன் சித்தாந்தமே எடுத்துவிடுவதுதான். இங்கிலாந்தில் லோட்டஸ் கம்பெனியை நிறுவிய காலின் சாப்மன் இதை ஒரு துறவு மார்க்கமாகவே ஆக்கிவிட்டார் என்று சொல்லலாம். பெரிய எஞ்சினைப் பூட்டி வேகத்தைத் தேடாதே, பாரத்தைக் குறை என்பது அவர் கட்சி. பாரம் குறைந்தால் சின்ன எஞ்சினே பாய்ந்து போகும். பிரேக்கை மிதித்தால் சீக்கிரம் நிற்கும். வளைவில் வண்டி வெளியே இழுத்துக்கொண்டு போகாது. 1957-ல் அவர் கொண்டுவந்த லோட்டஸ் ஸெவன் என்ற வண்டியில் ஒழுங்கான கதவுகூடக் கிடையாது. அதன் எடை 500 கிலோவுக்கும் கீழே. நம் அம்பாஸடரில் பாதிகூட வராது.

பிரான்ஸில் டியெப் என்ற ஊரில் ரெனோ கார் வியாபாரம் பார்த்துவந்த ழான் ரெதெலே என்பவர் அல்பீன் என்ற பெயரில் இதே மாதிரி வண்டிகள் செய்தார். பைபர் கிளாஸ் உடம்பு, பின்னால் எஞ்சின். ஆல்ப்ஸ் மலைப் பனியிலும் உறைந்த சாலைகளிலும் ஜனவரி மாதம் நடக்கிற மான்டி கார்லோ பந்தயத்தில், 1971-லும் 1973-லும் அந்தச் சின்ன வண்டிதான் முதலில் வந்தது. குளிர்காலத்துக்கு இந்த வண்டிகள் லாயக்கில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

நம் நாட்டிலும் ஒன்று வந்தது. 1990-களின் கடைசியில் கோவாவில் சான் ஸ்டார்ம் என்று ஒரு வண்டி செய்தார்கள். இரண்டே பேர் உட்காரலாம். பைபர் கிளாஸ் உடம்பு. பிரெஞ்சுக்காரர்கள் போட்டுக் கொடுத்த வடிவம். ரெனோவின் 1149 ஸி.ஸி. எஞ்சின். அதிகம் விற்கவில்லை. பிரான்ஸின் எஞ்சினும் இந்தியாவின் உழைப்புமாக ஓடிய அந்த வண்டி காரைக்காலுக்கு ஏற்ற வண்டி என்று எனக்கு ஒரு வேடிக்கையான எண்ணம் உண்டு.

காரைக்கால் ஆட்சி 1954 நவம்பர் 1-ம் தேதி கை மாறியது. சட்டப்படி முழுவதுமாக மாறியது 1962 ஆகஸ்ட் 16-ல். அப்போது பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்கத் தீர்மானித்த குடும்பங்கள் இன்றும் உண்டு. அவர்களுடைய பிள்ளைகளும் பேரன்களும் டிசம்பரில் பாரிஸிலிருந்து வருவார்கள். உள்ளூர்க்காரர் மப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு ‘என்ன குளிர், என்ன குளிர்’ என்று நடுங்குகிற மார்கழிக் காலையில், வந்தவர் அரைக்கை பனியனோடு கடற்கரையில் நடந்துகொண்டிருப்பார். 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வமான ஊரில் குளிர் என்பது மனசு சம்பந்தப்பட்ட விஷயம்.

அங்கே ஒருவர் அப்படி ஒரு இரண்டு ஸீட் வண்டி வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐப்பசி பிறந்துவிட்டது. இனித் தை வரைக்கும் என்ன செய்யப்போகிறார்?

மேல்நாட்டில் பலர் செய்வது போல அவரும் தார்ப்பாயைப் போட்டு மூடிவிடலாம். அங்கே பனி உருகச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். உப்பு இரும்பைத் தின்கிறது. அதனால் பூட்டி வைக்கிறார்கள். காரைக்காலில் உப்பை யாரும் கொட்ட வேண்டியதில்லை. வாடைக்காற்று கடலிலிருந்து அள்ளிக்கொண்டு வந்து கொல்லைப்புறத்துக் கொடிக் கம்பி வரைக்கும் பூசிவிட்டுப் போகும். பூட்டி வைத்த வண்டிக்கும் அது உண்டு. அல்பீனிலும் சரி, லோட்டஸ் எலானிலும் சரி, மேலே துருப்பிடிக்காத பைபர் கிளாஸ், உள்ளே துருப்பிடிக்கிற இரும்புச் சட்டம். மேலே பளபளப்பாக இருக்கிறதே என்று சொந்தக்காரர் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கையில் உள்ளே முதுகெலும்பு இற்றுக்கொண்டிருக்கும். (இந்த மாதிரி மனிதர்களும் எனக்குப் பரிச்சயம்.) ஆகவே பூட்டி வைப்பதில் லாபமில்லை. ஓட்டட்டும் என்பது என் கட்சி.

ஓட்டுவதற்குச் சங்கடங்கள் உண்டு. வடக்கே பூவத்திலிருந்து தெற்கே வாஞ்சூர் வரைக்கும் நிதானமாக ஓட்டினால்கூட அரை மணிக்குமேல் ஆகாது. அதற்குள் தமிழ்நாடு வந்துவிடும். அந்தக் கொஞ்ச தூரத்திலும், ஐப்பசி கார்த்திகையில் சாலையும் வாய்க்காலும் ஒன்றாகிவிடுகிற இடங்கள் வரும். 2008 நவம்பரில் நிஷா புயல் காரைக்காலை ஒட்டியேதான் கரையேறியது. அந்த மாதிரி நாட்களில் லாரியே தயங்கி நிற்கும்; தரையோடு தரையாக ஓடுகிற வண்டி ஓடமாகிவிடும். தை பிறந்து மழை விட்டதென்று பார்த்தால் சம்பா அறுவடை. பாதிச் சாலையில் நெல்லைக் காயப் போட்டுக் கல்லை அணைகட்டி வைத்திருப்பார்கள். ஸ்போர்ட்ஸ் கார்க்காரர் மாட்டுவண்டி வேகத்தில் ஒதுங்கி ஒதுங்கிப் போக வேண்டும். சாலை நெல் காயப்போடுவதற்கு ஏற்பட்டதா, கார் போவதற்கு ஏற்பட்டதா என்று அவருக்குக் கோபம் வரலாம். அந்த நெல் நனைந்தால் அந்தக் குடும்பத்துக்கு வருஷம் முழுவதும் நனைந்த கணக்கு. இவருக்குப் பத்து நிமிஷம். இதில் எனக்குத் தர்க்கம் எதுவும் தோன்றவில்லை.

இவ்வளவுக்கும் நடுவில், வெறும் சந்தோஷத்துக்காக ஒரு வண்டி வைத்துக்கொள்வது தப்பா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். எனக்குத் தப்பாகப் படவில்லை. வீணையாலும்தான் என்ன உபயோகம்? விடியற்காலையில் மழை விட்ட சாலை, இரண்டு பக்கமும் நாற்று, துணிக் கூரையை மடக்கிவிட்டு அரசலாற்றுப் பாலத்தின்மேல் ஒரு தடவை போய் வருவது என்றால், எனக்கே சபலம் தட்டுகிறது. சந்தோஷத்தின்மேல் வழக்குத் தொடுக்க நான் வரவில்லை. என் சந்தேகம் அந்த எடுத்துவிட்ட பாரத்தைப் பற்றியது. எடுத்தது எங்கே போயிற்று?

சாப்மன் விஷயத்தில் அதற்குப் பதில் கொஞ்சம் கசப்பானது. 1970 செப்டம்பர் 5-ம் தேதி, இத்தாலியில் மோன்ஸா பந்தயச் சாலையில் யோகன் ரின்ட் என்ற ஓட்டக்காரர் லோட்டஸ் வண்டியில் போய் மோதி இறந்துபோனார். முன் சக்கரத்து பிரேக் தண்டு முறிந்திருந்தது. அந்த வருஷத்து உலக சாம்பியன் பட்டம் அவர் இறந்தபின் அவருக்குத்தான் கிடைத்தது. அப்படி வேறொருவருக்கும் கிடைத்ததில்லை. லோட்டஸ் வண்டிகளின் மெலிவைப் பற்றி அவருக்கே ஏற்கெனவே பயம் இருந்தது. வண்டி இறக்கி வைத்த பாரத்தை ஓட்டுகிறவர் தூக்கிக்கொண்டிருந்தார்.

கோயம்புத்தூரில் வேறு மாதிரி நடந்தது. எஸ். கரிவரதன் என்பவர், மாருதி 800 காரின் எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்று இலேசான பந்தய வண்டிகளைச் செய்தார். அவர் குறைத்தது எடையை மட்டுமல்ல, விலையையும். பணக்கார வீட்டுப் பிள்ளைகளும் வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான வண்டிகளும் என்றிருந்த விளையாட்டில், சோழவரத்தில் பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றார்கள். 1995-ல் விமான விபத்தில் அவர் காலமானார். செட்டிபாளையத்துப் பந்தயச் சாலைக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். இங்கேயும் பாரம் மறைந்துவிடவில்லை. பிறர் தலையிலிருந்து இறங்கியதைத் தம் தலையில் ஏற்றிக்கொண்டார், அவ்வளவுதான்.

மூன்றாவது ஒரு வகை உண்டு. காரைக்கால் வண்டிகளுக்கு பி.ஒய். 02 என்று எண் பலகை, புதுச்சேரிக்கு 01. அந்தப் பிரதேசத்தில் சாலை வரி குறைவு என்பதால், வெளியூர்க்காரர்கள் பொய் விலாசம் கொடுத்து விலை உயர்ந்த கார்களைப் புதுச்சேரியில் பதிவு செய்தது 2017-ல் கேரளத்தில் பெரிய வழக்காக வெடித்தது. கோடி ரூபாய் காரில் வரிப் பாரத்தை மட்டும் இறக்கி வைக்கிறார்கள். சைக்கிளில் போகிறவன் அந்தச் சாலைக்காகவும் கொஞ்சம் கட்டிவிடுகிறான். இதைப் பற்றி நீட்ட விருப்பமில்லை. திருட்டைத் தத்துவமாக்குவது வீண் வேலை.

பாரத்தைக் குறைப்பதைப் பற்றிப் பேசிவிட்டு, காரைக்காலில் அம்மையாரைச் சொல்லாமல் போக முடியாது. உடம்பின் சதையையே உதறிவிட்டு எலும்பு உருவாக நடந்த அம்மை அவள். ஆனால் அந்தக் கதையில் என்னை நிறுத்துவது கயிலாயமல்ல, அதற்கு வெகு முன்னால் வருகிற மாம்பழம். கணவன் பரமதத்தன் கடையிலிருந்து இரண்டு மாம்பழம் கொடுத்தனுப்புகிறான். பசியோடு ஒரு சிவனடியார் வாசலில் வந்து நிற்கிறார். சாதம் ஆகியிருக்கிறது, கறி ஆகவில்லை. புனிதவதி ஒரு பழத்தைச் சாதத்தோடு போட்டுவிடுகிறாள். ஆனித் திருவிழாவில் வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்களை வாரி இறைப்பது இதை நினைத்துத்தான். இரண்டே பழம், யாருக்கென்று கணக்காக வந்தவை. பத்துப் பழம் இருக்கிற வீட்டில் ஒன்றைக் கொடுப்பது ஒரு விஷயமே அல்ல. அன்றைக்கு வாசலில் மூன்று பேர் வந்து நின்றிருந்தால் அவள் என்ன செய்திருப்பாள் என்று நான் யோசித்ததுண்டு. அதைத்தான் நம் கார்க்காரர் தினமும் சந்திக்க வேண்டியிருக்கும்.

கார்த்திகை மாதத்து இரவு. திருநள்ளாற்றுக்கு அப்பால் ஒரு கிராமத்துச் சாலை. கடைசி பஸ் போய்விட்டது, அல்லது வரவேயில்லை. மழை. ஓரத்தில் ஒரு மகன், மருமகள், நடுவில் இருவரும் தாங்கிப் பிடித்திருக்கிற கிழவி. கை நீட்டுகிறார்கள். பெரிய காராக இருந்தால் இரண்டே வழி: நிறுத்துவது அல்லது நிறுத்தாமல் போவது. நிறுத்தாதவன் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொள்வது என்பது அவன் பாடு. இரண்டு ஸீட் காரனுக்கு மட்டும் ஒரு கௌரவமான வாசல் திறந்திருக்கிறது. “இடமில்லீங்களே” என்று அவன் சொல்லலாம். அது பொய்யுமல்ல. தொழிற்சாலையிலேயே அந்தப் பதிலைச் செய்து பொருத்தி அனுப்பியிருக்கிறார்கள். மனிதன் இப்படி முன்கூட்டியே தனக்கு ஒரு இயலாமையை விலை கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ளலாமா? ஒரு அறை வீடு கட்டிக்கொண்டு, விருந்தாளிக்கு இடமில்லையே என்று வருத்தப்படுகிறவரை நாம் முழுவதும் நம்புவதில்லை அல்லவா? அவர் நிஜமாகவே வருத்தப்படவும் கூடும். இரண்டும் ஒரே மனசில் இருக்க முடியும் என்பதுதான் தொல்லை.

ஆனால் அந்த வண்டியிலும் ஒரு ஸீட் காலியாகத்தானே இருக்கிறது? ‘இடமில்லை’ என்பது மூன்று பேருக்கு உண்மை, ஒருவருக்குப் பொய். நல்ல மனிதராக இருந்தால் நிறுத்துவார். நிறுத்தினபிறகு வருகிறது நிஜமான கஷ்டம்.

“தம்பி, அம்மாவை மட்டும் கொண்டுபோய்ச் சேத்துடுங்க. நாங்க எப்படியாச்சும் வந்துடறோம்” என்கிறான் மகன். கிழவி, “நான் தனியா எங்கடா போவேன்? நீ வா” என்று அவன் கையை விடமாட்டேன் என்கிறாள். பெரிய கார் என்றால் ஓட்டுகிறவர் வெறும் ஓட்டுகிறவராக இருந்துவிடலாம். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு ஒரு கும்பிடு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம். இதில் அது நடக்காது. மகன் உட்கார வேண்டிய இடத்தைச் சாப்மன் எடுத்துவிட்டார். ஆகவே கார்க்காரர்தான் கிழவியைத் தாங்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். பெயர், வயது, என்ன உடம்பு என்று கேட்டால் அவர்தான் நிற்க வேண்டும். “நீங்க யாரு, பிள்ளையா?” என்று நர்ஸ் கேட்பாள். ‘இல்லை, கார்க்காரன்’ என்று அந்த இடத்தில் சொல்வதற்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். கிழவியை ஒரு பெஞ்சியில் உட்கார வைத்துவிட்டு, மகனை அழைத்துவர அதே மழையில் திரும்பிப் போக வேண்டும். அப்புறம் மருமகளுக்காக மூன்றாவது நடை. இருட்டில் ஒரு பெண்ணைத் தனியே நிறுத்தி வைக்கலாகாதென்று மகன் முதலில் அவளை அனுப்பினாலும் கணக்கு அதேதான். முன்பின் தெரியாத ஆண்பிள்ளையோடு அவள் ஏறுவாளா என்பது வேறு இருக்கிறது.

இதையெல்லாம் யோசித்தால், பின் ஸீட் உள்ள காரை வாங்கியிருக்கலாமே என்று அவருக்கே தோன்றும். தோன்றினாலும் விற்கமாட்டார். விற்க வேண்டுமென்று நானும் சொல்லமாட்டேன். வண்டி இலேசானது, மூன்று நடையும் சேர்த்துச் சீக்கிரமே முடிந்துவிடும். ஒரே சிரமம், அந்த ஸீட் தரைக்கு மிக அருகில் இருக்கும். முழங்கால் வலிக்கிற கிழவியை அதில் உட்கார வைப்பது சுலபம். வெளியே எடுப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் யாரையாவது கூப்பிடத்தான் வேண்டும். அநேகமாக ஒரு ஆட்டோக்காரர் ஓடிவருவார்.