செம்மண் சடக்கில் யாருக்கு மரியாதை?

இத்தாலியின் ஆல்ப்ஸ் மலையில், 2,000 மீட்டருக்கும் மேலே ஃபினெஸ்ட்ரே கணவாய். அங்கே ராணுவத்துக்காகப் போட்ட சரளைப் பாதையில் இன்று சைக்கிளோட்டிகள் ஆசையாக ஏறுகிறார்கள். நமக்குப் புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டச் செம்மண் சடக்கே போதும். அகலமான டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் பிடிப்பு கூடும், குலுக்கல் குறையும். நானும் மிதிக்கிறேன்.

ஆனால் நமக்கு விளையாட்டு, இன்னொருவருக்கு அது வேலையிடம். அன்று அங்கே பால் வெட்டப் போனவர்கள் நம் தாத்தா பாட்டிகள். இன்று செம்பனைக் குலை வெட்டுபவர்களில் பலர் இந்தோனேசியர், வங்காளதேசிகள். தாத்தா நடந்த சடக்கு என்று பெருமை பேசிக்கொண்டே இவர்கள் முகத்தில் புழுதி கிளப்பிவிட்டுப் போனால் எப்படி? நாம் மதிப்பது உழைப்பையா, வெறும் உறவையா?

எல்லா உயிரிலும் இறைவன் என்று சொல்கிறோமே, நண்பர்களே! தோட்டத்தில் அனுமதி கேட்டு நுழைவோம். ஆளைக் கண்டால் வேகத்தைக் குறைப்போம், ஒரு வணக்கமாவது சொல்வோம்.