நேரம் யாருடையது?

சில ஆண்டுகளுக்கு முன், தவக்கால ஞாயிறு ஒன்றில், காலத்தைப் பயனுறச் செலவிடுவது பற்றி நாம் மறையுரை ஆற்றினோம். நாளொன்றுக்கு 24 மணி நேரம். அது செல்வருக்கும் ஏழைக்கும் ஒரே அளவில்தான் தரப்படுகிறது. அதை வீணடிப்பவர் இறைவனின் கொடையையே வீணடிக்கிறார் என்றெல்லாம் எடுத்துரைத்தோம். நாள்தோறும் அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள், விவிலியம் வாசியுங்கள், புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று அறிவுரையும் வழங்கினோம். மறையுரை நன்றாக அமைந்தது என்ற மனநிறைவு நமக்கு இருந்தது.

திருப்பலி முடிந்ததும் ஒருவர் வந்து நின்றார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுபவர். "ஃபாதர், நீங்க சொன்னது சரிதான். ஆனா என் நேரம் என் கையில இல்லையே! ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் ராத்திரி. பொண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும்னா ஓவர்டைமும் பார்க்கணும். அந்த அரை மணி நேரத்தை எங்கேருந்து எடுக்கட்டும்?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே விடை தேடினார். நம்மிடம் விடை இல்லை.

அம்பத்தூரில் வாழ்வோருக்கு இக்கேள்வி புதிதன்று. 1964ஆம் ஆண்டில் இங்கே தொழிற்பேட்டை தோன்றியது. ஏரியும் வயலுமாக இருந்த ஊரில் ஷிப்ட் மணி புகுந்தது. கதிரவனைப் பார்த்து எழுந்த மக்கள் கடிகாரத்தைப் பார்த்து எழத் தொடங்கினர். இன்று பட்டறைகளுக்கு அருகிலேயே கணினி நிறுவனங்களும் எழுந்துள்ளன. அங்கேயும் நம் பிள்ளைகள் இரவெல்லாம் விழித்திருந்து, அயல்நாட்டாரின் பகலுக்காக உழைக்கிறார்கள். இப்படி நேரத்தை விற்றுப் பிழைப்பவரிடம் நேரத்தின் அருமையைப் போதிப்பது எளிது. ஆனால் அது நீதியாகுமா?

தூய பவுல் எபேசியருக்கு எழுதிய திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தில் காலத்தைப் பற்றிப் பேசுகிறார். அங்கே அவர் கையாளும் கிரேக்கச் சொல் சந்தையில் பிறந்தது. விலை கொடுத்து மீட்டல் என்பது அதன் பொருள். குருமடத்தில் இதைப் படித்தபோது, அவரவர் தம் சோம்பலை வெல்வதே அந்த விலை என்று எண்ணினோம். அதுவும் உண்மையே. ஆயினும் ஒருவரின் நேரத்துக்கு மற்றொருவர் விலை கொடுப்பதும் உண்டு என்பதை அந்தத் தொழிலாளரின் கேள்விக்குப் பிறகே சிந்திக்கலானோம்.

உழைக்கும் மக்களுக்கு ஓய்வு நேரம் எப்படிக் கிடைத்தது? எட்டு மணி நேர வேலை என்பது ஒருவர் மனமிரங்கித் தந்த சலுகை அன்று. அதற்காகப் பலர் போராடினர், சிலர் உயிரையும் இழந்தனர். இந்தியாவில் முதன்முதலாக மே நாள் கொண்டாடப்பட்டது நம் சென்னையில்தான். 1923ஆம் ஆண்டில், சிங்காரவேலர் தலைமையில். திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1955ஆம் ஆண்டில் அதே மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். பெற்றதைக் காப்பதும் எளிதன்று. 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் சட்டத்திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு வலுத்தது, மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் அறிவித்தார். இன்று நாம் 'என் நேரம்' என்று சொல்லிக்கொள்வது முகமறியாத பலர் மீட்டுத் தந்த நேரம்.

தனி மனிதரின் வளர்ச்சியிலும் இதுவே உண்மை. தனிநாயகம் அடிகளாரை நாம் அறிவோம். 1913ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையில் பிறந்தவர். 1938ஆம் ஆண்டில் உரோமையில் குருவானவர். தூத்துக்குடி மறைமாவட்டப் பணிக்கு வந்து, வடக்கன்குளம் பள்ளியில் பொறுப்பேற்றபோது, தம் தமிழறிவு போதாது என்பதை உணர்ந்தார். பல மொழிகள் கற்ற குருவானவர் மீண்டும் மாணவரானார். பள்ளிப் பணிகளுக்கிடையே பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் தமிழ் பயின்றார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்றார். 1952ஆம் ஆண்டில் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில இதழைத் தொடங்கினார். 1966ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடுவதற்குக் காரணமானார்.

இதிலிருந்து அடிகளாரின் விடாமுயற்சியை மட்டும் பாடமாகக் கொள்வது வழக்கம். நம் மனம் அந்தப் பண்டிதரிடமும் செல்கிறது. தம் பொழுதை ஓர் இளங்குருவுக்கு அவர் ஈந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும்? ஒருவரின் வளர்ச்சிக்குள் மற்றொருவரின் நேரம் உரமாகக் கிடக்கிறது. நமக்காக அதிகாலையில் எழுந்து சோறு பொங்கிய தாயின் உறக்கமும் அதில் அடங்கும்.

மத்தேயு நற்செய்தியின் திராட்சைத் தோட்ட உவமையில், மாலை ஐந்து மணிக்கும் சிலர் சந்தையில் சும்மா நிற்கிறார்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்லர்; வேலை தருவார் இல்லாமல் நின்றவர்கள். தோட்ட உரிமையாளர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. வேலை தந்தார், முழுக்கூலியும் தந்தார். நாம் மறையுரையில் கடிந்துகொண்டோம்!

சில வாரங்கள் கழித்து அந்தத் தொழிலாளரின் இல்லம் சென்றோம். "அன்று உங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை" என்று ஒப்புக்கொண்டோம். அவர் சிரித்தார். பேச்சுவாக்கில், தொழிற்பயிற்சி நிலையத்தில் படிக்கும் பங்கு இளைஞர்கள் சிலருக்கு வரைபடம் பார்த்து அளவெடுக்கச் சரியாகத் தெரியவில்லை என்று வருந்தினார். "ஞாயிறு பூசை முடிஞ்சதும் அரை மணி நேரம் சொல்லித் தரட்டுமா, ஃபாதர்?" என்று அவரே கேட்டார். நாம் கேட்டபோது இல்லாத அரை மணி நேரம், பிறருக்கென்றதும் எங்கிருந்தோ வந்துவிட்டது! சில ஞாயிறுகளில் ஓவர்டைம் அவரை அழைத்துக்கொள்ளும்; பிள்ளைகள் காத்திருந்து கலைவார்கள். ஆயினும் வகுப்பு நின்றுவிடவில்லை. சொல்லிக்கொடுப்பதற்காகத் தாமும் பழைய பாடங்களைப் புரட்டுவதாக ஒருமுறை வெட்கத்தோடு கூறினார்.

பகலில் காக்கை கோட்டானை வெல்லும் என்ற உவமையோடு காலமறிதல் அதிகாரத்தைத் தொடங்குகிறார் வள்ளுவர். ஒவ்வொருவருக்கும் உரிய வேளை ஒன்று உண்டு. பிறருடைய கடிகாரத்தால் அதை அளக்கலாகாது. இரவுப்பணி முடிந்து நண்பகல்வரை உறங்குபவர் நேரத்தை வீணாக்கவில்லை. வருகைப் பதிவேடோ மேற்பார்வையாளரோ இல்லாத நம் போன்றோர்தாம் பேச்சிலும் கைப்பேசியிலும் பொழுதைக் கரைக்கிறோம். அந்த மறையுரையை நாம் முதலில் நமக்கே ஆற்றியிருக்க வேண்டும்.

ஆகவே அன்பர்களே, நேரத்தை எப்படிச் செலவிடலாம் என்று எண்ணும் முன், நம் நேரம் யாரால் நமக்குக் கிடைத்தது என்று எண்ணுவோம். வீட்டில் ஓயாது உழைப்பவருக்கு ஒரு மணி நேர ஓய்வு தர நம்மால் இயலுமா? நம்மிடம் பணிபுரிபவரை உரிய நேரத்தில் வீட்டுக்கு அனுப்புகிறோமா? நமக்குத் தெரிந்த ஒன்றை ஓர் இளைஞருக்குச் சொல்லித் தருகிறோமா? அதன் பிறகு நூலையும் செபத்தையும் கையில் எடுப்போம். அவை இன்னும் இனிக்கும்.

நாள்களைக் கணக்கிடும் ஞானத்தை வேண்டுகிறது 90ஆம் திருப்பாடல். அங்கே மன்றாடும் குரல் 'எனக்கு' என்று கேட்கவில்லை; 'எங்களுக்கு' என்றே கேட்கிறது. நாமும் அப்படியே கேட்போம்.