பெயருக்கு வாடகை

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆட்டோக்காரரிடம் "மடவார் வளாகம்" என்று சொல்லிப் பாருங்கள். மறுபேச்சில்லாமல் வைத்தியநாத சுவாமி கோயில் வாசலில் இறக்கிவிடுவார். திருமலை நாயக்கருக்கே வயிற்றுவலி தீர்த்த சுவாமி என்பார்கள். அந்தப் பெயரை வைத்துக்கொள்ள ஊர்க்காரர்கள் யாருக்கும் வருஷ சந்தா கட்டவில்லை. நாலு பேர் நாக்கில் புழங்கும் வரை பெயர் இருக்கும். அவ்வளவுதான் கணக்கு.

இன்டர்நெட்டில் கணக்கு வேறு.

அங்கே ஒரு பால்கோவாக் கடைக்காரர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மகன் பேச்சைக் கேட்டு, கடைப் பெயரில் ஒரு டாட் காம் போடுகிறார். முதல் வருஷம் சல்லிசு. அடுத்த வருஷம் பல மடங்கு கேட்டு மெயில் வருகிறது.

"ஏண்டா, வாங்கின சாமானுக்கு மறுபடியும் விலையா?"

"வாங்கலைப்பா. வாடகைக்குத்தான் எடுத்திருக்கோம்."

இதில் இரண்டு வாடகை உண்டு. ஒன்று ஹோஸ்டிங், அதாவது, உங்கள் பக்கங்களைச் சுமக்கும் கம்ப்யூட்டருக்கு. ஏற்றினால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போய்விடலாம். இன்னொன்று பெயருக்கு. பெயரை விட்டு எங்கே போவது? டப்பா மூடியில், கல்யாணப் பையில், வெளியூர் வாடிக்கையாளர் மனதில் அது அச்சாகிவிட்டதே! பெயர் விற்கும் ஏஜென்டை மாற்றலாம். ஆனால், எல்லா ஏஜென்டுக்கும் மேலே, டாட் காம் பேரேட்டை வைத்திருப்பது வெரிசைன் என்ற ஒரே அமெரிக்கக் கம்பெனி.

1995 வரை இந்தப் பெயர்கள் இலவசம். அந்த வருஷம் செப்டம்பரில் இரண்டு வருஷத்துக்கு 100 டாலர் என்று வசூல் ஆரம்பித்தது. பிறகு விலை இறங்கியது. 2012 முதல் பல வருஷம் மொத்த விலை 7.85 டாலரிலேயே நின்றது. 2018-ல் அமெரிக்க அரசு பூட்டைத் திறந்தது. ஆறு வருஷத்தில் கடைசி நாலு வருஷம், வருஷத்துக்கு 7 சதவிகிதம் வரை ஏற்றிக்கொள்ளலாம் என்றார்கள். 2021-லிருந்து நாலு தடவை ஏற்றியதில், 2024 செப்டம்பரில் அது 10.26 டாலர் ஆனது.

"பத்து டாலருக்கா சார் இவ்வளவு புலம்பல்?" என்பீர்கள். நியாயம்தான். ஆனால் அந்தக் கடைசி ஏற்றம் மட்டும் 67 சென்ட். டாட் காம் பெயர்கள் 15 கோடிக்கு மேல். பெருக்கிப் பாருங்கள்: வருஷத்துக்குப் பத்து கோடி டாலர்!

விலை ஏற்றுவதே பாவம் என்று சொல்லவில்லை. பால் விலை ஏறினால் பால்கோவாவும் ஏறத்தான் செய்யும். பிடிக்காதவர் பக்கத்துக் கடைக்குப் போவார். அந்தப் பயம்தான் வியாபாரியை நியாயமாக வைத்திருக்கிறது. நகர முடியாதவரிடம் அந்தப் பயம் தேவையில்லை. தவிர, அந்தப் பெயருக்கு மதிப்பு யார் தந்தது? அடுப்படியில் நின்று பால் கிண்டியவர். பேரேட்டில் புகழ்பெற்ற கடைக்கும் ஒரு வரிதான், நேற்று திறந்த கடைக்கும் ஒரு வரிதான்.

மலிவாகக் கொடுத்தால் பெயர்களை வாங்கிப் பதுக்குவார்களே? பதுக்குகிறார்கள்தான். ஆனால் பதுக்குகிறவருக்கு ஓங்கிய கை, குடியிருப்பவர் முதுகிலும் சேர்த்து விழுகிறது.

கோயில் ஊர்க்காரர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. அடிமனை கோயிலுக்கு, மேலே கட்டிய வீடு நமக்கு. வாடகையைத் திருத்தும்போதெல்லாம் சண்டை. ஆனாலும் அங்கே 'நியாய வாடகை' என்று ஒரு சொல் இருக்கிறது. அப்பீலுக்கு இடம் இருக்கிறது. கடைக்காரர் யாரிடம் அப்பீல் போவார்?

பொதுநலப் பெயர்களான டாட் ஆர்க்கில் 2019-ல் விலை உச்சவரம்பையே எடுத்துவிட்டார்கள். அதே வருஷம் அந்தப் பேரேட்டை 113.5 கோடி டாலருக்கு ஒரு முதலீட்டுக் கம்பெனிக்கு விற்கப் பார்த்தார்கள். உலகெங்கும் தொண்டு நிறுவனங்கள் கூச்சல் போட்டன. 2020 ஏப்ரல் 30-ல் ஐகேன் அமைப்பு விற்பனைக்கு அனுமதி மறுத்தது. கூச்சலுக்கும் பலன் உண்டு!

'ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா' என்ற பெயருக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பத்து வருஷத்துக்கு ஒருமுறை அதையும் புதுப்பிக்க வேண்டும். ஆனால் அந்தப் பெயரை யாரும் விற்கவோ, அடகு வைக்கவோ 1999-ம் வருஷச் சட்டம் விடாது. பலர் சேர்ந்து உண்டாக்கிய பெயர் சந்தைச் சரக்கல்ல என்பது நமக்கும் தெரிந்துதான் இருக்கிறது.

வெரிசைனைத் திட்டுவது சுலபம். ஆனால், பிள்ளையைப் பக்கத்து ஸ்கூலில் சேர்த்துவிட்ட குடித்தனக்காரர் இனி காலி பண்ண மாட்டார் என்று தெரிந்து வாடகையை ஏற்றுகிற வீட்டுக்காரரும் இதையேதான் செய்கிறார். நடு வருஷத்தில் ஃபீஸை ஏற்றுகிற டியூஷன் மாஸ்டரும்தான். நமக்கும் ஒரு நாள் அந்த நாற்காலி கிடைக்கும். அப்போது, 'இவர் எழுந்து போக முடிந்தவராக இருந்தால், இதே தொகையைக் கேட்பேனா?' என்று யோசித்துவிட்டு வாயைத் திறங்கள்.