சுமந்தவன் கை

(ரஞ்சன்குடிக் கோட்டை. மாலை.)

சீடன்: ஐயா, ‘ஹேக்ஸா ரிட்ஜ்’ படம் பார்த்தேன். மெல் கிப்சன் இயக்கி 2016-ல் வந்தது. துப்பாக்கியைத் தொடமாட்டேன் என்று பட்டாளத்துக்குப் போன டெஸ்மண்ட் டாஸின் உண்மைக் கதை. 1945 மே மாதம் ஒகினாவாவில், குன்றின் உச்சியில் அடிபட்டுக் கிடந்த சுமார் 75 பேரைக் கீழே சேர்த்தார். கயிற்றில் இரட்டைக் கண்ணி போட்டு, கால்களை அதில் நுழைத்து, நெஞ்சைச் சுற்றி ஒரு கட்டு கட்டி, ஒவ்வொருவராக இறக்குகிறார். உள்ளங்கை உரிந்துபோகிறது. கண் கலங்கிவிட்டது. ஆனாலும் ஒரு சந்தேகம். காப்பாற்றப்பட்டவன் தேறியதும் மறுபடி சுடத்தானே போவான்? டாஸின் கை எப்படிச் சுத்தம்?

குரு: சுத்தம் என்று யார் சொன்னது? 1899-ல் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டபோது காந்தி ஆம்புலன்ஸ் படை திரட்டினார். சுமார் 1,100 இந்தியர். பெரும்பாலோர் நேட்டாலின் ஒப்பந்தக் கூலிகள். ஸ்பியன் காப் சண்டையில் குண்டு விழும் எல்லைக்குள் போய், காயம்பட்டவர்களைச் சுமந்துகொண்டு நாளுக்கு 20, 25 மைல் நடந்தார்கள். அந்தக் காந்தியே பிற்பாடு ‘சத்திய சோதனை’யில், காயத்துக்குக் கட்டுப் போடுகிறவனும் போரின் குற்றத்திலிருந்து தப்ப முடியாது என்று ஒப்புக்கொண்டார்.

சீடன்: அப்படியானால் ஆயுதத்தை மறுத்து என்ன பயன்?

குரு: 1751-ல் இதே வட்டாரத்தில், வாலிகண்டபுரத்தில், நவாப் பட்டத்துக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள். இரண்டு பக்கமும் சிப்பாய்கள் நம் நாட்டார். ஒருவன் சுடமாட்டேன் என்றிருந்தால் சண்டை நின்றிருக்காது. ஆனால் அவன் கையால் சாக இருந்தவன் பிழைத்திருக்கலாம். அது சின்ன விஷயமா? மறுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறான். டாஸ் போகவில்லை. மற்றவர்களுக்கு வந்த ஆபத்தில் தன் பங்கை வாங்கிக்கொண்டார். அவரை மதிக்க எனக்கு அது போதும்.

சீடன்: அந்தக் கூலிகளும் ஆயுதத்தை மறுத்தவர்கள்தானா?

குரு: இல்லையப்பா. அவர்களிடம் யாரும் துப்பாக்கியை நீட்டவே இல்லை. தோட்ட முதலாளிகள் விட்டார்கள், வந்தார்கள். டாஸுக்கு ‘மாட்டேன்’ என்று சொல்ல வாய் இருந்தது. ஜனாதிபதி ட்ரூமன் கையால் பதக்கமும் கிடைத்தது. நேட்டாலில் பதக்கம் படைத் தலைவர்களோடு நின்றுவிட்டது. டாஸுக்காகக் கலங்கினாயே, இவர்களுக்காகவும் கொஞ்சம் கலங்கு. உன் ஊர் அரியலூர்ப் பக்கம்தானே? பெரம்பலூரும் அரியலூரும் அன்று திருச்சி ஜில்லாவில் இருந்தன. அந்த ஜில்லாவிலிருந்தும் நேட்டாலுக்கு ஆள் போனது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பார்.