பையனுக்கு எதுக்கு?

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தது ஞாபகமிருக்கிறதா? 9 மாதத்திலிருந்து 15 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும். வாட்ஸ்அப்பில் ஏகப்பட்ட வதந்தி. அதை விடுங்கள். வதந்தியை நம்பாத நண்பர் ஒருவர் கேட்டார்: 'தட்டம்மைக்கு சரி சார். ரூபெல்லா கர்ப்பிணிகளுக்குத்தானே ஆபத்து? என் பையனுக்கு எதுக்கு?'

நியாயமான கேள்வி. பையனுக்கு ரூபெல்லா வந்தால் லேசான காய்ச்சல், செம்புள்ளிகள், இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். பல பேருக்கு வந்ததே தெரியாது. கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் இருப்பவளுக்கு அது தொற்றினால்தான் விபரீதம். 1941-ல் சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் டாக்டரிடம் கண்புரையோடு பிறந்த குழந்தைகள் வரிசையாக வந்தன. விசாரித்தால், தாய்மார்களில் பெரும்பாலோருக்குக் கர்ப்பத்தின்போது ரூபெல்லா. காது, இதயத்தையும் அது விட்டுவைப்பதில்லை.

நண்பர் போட்ட கணக்கைத்தான் 1970-ல் பிரிட்டனும் போட்டது. பள்ளிச் சிறுமிகளுக்கு மட்டும் ஊசி. கிருமி பையன்களிடம் சௌக்கியமாகக் குடியிருந்துகொண்டு, ஊசி விட்டுப்போன பெண்களைப் பிடித்தது. 1988-ல்தான் பையன்களையும் சேர்த்தார்கள். 1964-65-ல் சுமார் 20,000 குழந்தைகள் பாதிப்போடு பிறந்ததைப் பார்த்த அமெரிக்கா, 1969-லேயே பேதம் பார்க்கவில்லை.

ஆனால் நண்பரின் சங்கடம் மருத்துவம் சார்ந்ததல்ல. வலி தன் பிள்ளைக்கு. பலன், இன்னும் பிறக்காத யாரோ ஒரு குழந்தைக்கு. அவனைக் கேட்காமல் அவன் உடம்பை வைத்து அப்பா தானம் பண்ணலாமா? 'சமூகத்துக்காக' என்று பதில் சொல்ல எனக்கும் தயக்கம்தான். எமர்ஜென்சியில் ஆட்களைப் பிடித்துக் கருத்தடை ஆபரேஷன் செய்தபோதும் அந்த வார்த்தையைத்தான் சொன்னார்கள்.

ஆனால் எதற்கும் அளவு என்று ஒன்று உண்டு. இங்கே கேட்பது கொஞ்சம் கைவலி, சிலருக்குக் காய்ச்சல், மிக அபூர்வமாக ஒவ்வாமை. தவிர, இதைத் தானம் என்பதிலேயே எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பையன் வயிற்றில் இருந்தபோது அவன் அம்மா டவுன் பஸ்ஸில்தான் ஆபீஸ் போனார். பக்கத்து சீட்டில் எத்தனை பேர் இருமினார்களோ! அன்றைக்கு அதிர்ஷ்டம் காப்பாற்றியது. இன்னொருத்தியையும் அதிர்ஷ்டத்திடமே விட்டுவிட வேண்டுமா?

இப்போது இந்த ஊசி 9-வது மாதத்திலும், 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம், பையன்களுக்கும்தான். நண்பர் கடைசிவரை 'சரி' என்று சொல்லவில்லை. 'பஸ்ஸை எதுக்கு சார் இழுத்தீங்க?' என்றார்.