பேரேட்டில் பெயர் எழுதியவர்கள்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் கண்மாயையும் வானத்தையும் நம்பிய பூமி. மழை பொய்த்த வருஷத்தில் ஆடுமாட்டை ஓட்டிக்கொண்டோ மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டோ வெளியூர் போனால்தான் அடுப்பெரியும். இந்தச் சீமையில் ஒருவனை ஊரைவிட்டு நகராதே என்று கட்டிப்போடுவது அவன் குடும்பத்தையே பட்டினி போடுவதாகும். குற்றப் பரம்பரைச் சட்டம் அதைத்தான் செய்தது.

1871இல் வட இந்தியாவில் தொடங்கி 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்த அந்தச் சட்டத்தை ஜனங்கள் ரேகைச் சட்டம் என்றார்கள். அரசு ஓர் அறிவிக்கை போட்டால் போதும். குறிப்பிட்ட சாதியில் பிறந்த ஆண்களின் பெயர்கள் பேரேட்டில் ஏறும், விரல் ரேகை பதியப்படும். இரவில் குறித்த இடத்தில் ஆஜராக வேண்டும், ஊர் தாண்ட ராத்திரிச் சீட்டு வேண்டும். திருடியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த அறிவிக்கை செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாதபடி சட்டத்திலேயே வழி அடைக்கப்பட்டிருந்தது. 1920 ஏப்ரல் 3 அன்று, ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர்க் கள்ளர்களைப் போலீஸ் சுட்டது. 16 பேருக்குக் குறையாமல் செத்தார்கள். 1929இல் திருச்சுழிக்குத் தென்கிழக்கே ஆப்பநாட்டு மறவர்கள் மீதும் சட்டம் பாய்ந்தது. அதை எதிர்த்து முத்துராமலிங்கத் தேவர் ஊர் ஊராகப் பேசினார்.

திருட்டு குறைந்ததே என்று வாதாடுபவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. உழவுமாடு களவு போய், துப்புக்கூலி கொடுத்து மீட்ட சம்சாரியின் வயிற்றெரிச்சல் பொய்யல்ல. ஆனால் அவனுக்கு அரசு தந்திருக்க வேண்டியது திருடியவனைப் பிடிப்பது. அதைவிட்டு, திருடாதவனையும் மீசை முளைத்ததும் பேரேட்டில் ஏற்றியது. போதாக்குறைக்கு, பரம்பரையாக ஊர்க்காவல் பார்த்துப் பிழைத்தவர்கள் இவர்களில் நிறையப் பேர். பாளையக்காரர் போருக்குப் பின் அந்தப் பிழைப்பைப் பிடுங்கியதும் அதே அரசுதான்.

இன்னும் உறுத்துவது வேறொன்று. ஒரு தாலுகாவில் வெள்ளைக்காரர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? எந்த வீட்டில் எத்தனை ஆண்கள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவர்கள் ஊர் முன்சீப்பும் கணக்குப்பிள்ளையும் தலையாரியும்தான். சம்பளத்துக்குப் பயந்து பெயர் எழுதியவனையும், வரப்புத் தகராறை மனதில் வைத்து எழுதியவனையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஆனால் இருவர் எழுத்தும் ஒரே பேரேட்டில்தான் இருந்தது. பக்கத்துத் தெருவில் நிம்மதியாகத் தூங்கியவர்களுக்கும் இதில் பங்கில்லை என்று சொல்லிவிட முடியாது. கொடுங்கோன்மைக்கு மேலே ஓர் ஆள் வேண்டும், சரி. கீழே அதற்கு ஆயிரம் கைகள் வேண்டும்.

மறுத்தவர்களும் இருந்தார்கள். மதுரை வக்கீல் ஜார்ஜ் ஜோசப் தன் சாதியும் மதமும் அல்லாத மக்களுக்காக வழக்காடினார். அவரை ஜனங்கள் ரோசாப்பூ துரை என்றார்கள். பின்னாளில் நெருக்கடி நிலையில், 1976 ஏப்ரல் 28 அன்று, விசாரணையின்றிச் சிறைப்பட்டவன் நீதிமன்றத்தை நாட முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர் தீர்ப்பெழுதினார்கள். எச்.ஆர். கன்னா மட்டும் மறுத்தார். தலைமை நீதிபதி பதவி அவருக்குக் கிடைக்காமல் போயிற்று. எழுத மாட்டேன் என்றிருந்தால் அந்த முன்சீப்புக்கும் வேலை போயிருக்கும். அந்த இழப்பைச் சிறிதென்று நாம் சொல்லலாகாது. ஆனால் எழுதியதால் இன்னொருவன் இழந்தது அதைவிடப் பெரிது.

சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் ரத்தானது, நாடு முழுக்க 1952இல். ஆனாலும் சிறைப் பதிவேடுகளில் சாதிக்கென்று இருந்த கட்டத்தை நீக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட 2024 அக்டோபர் ஆகிவிட்டது. அதுவரை அந்தக் கட்டத்தை நிரப்பிக்கொண்டிருந்தவர்கள் வெள்ளைக்காரர்கள் அல்ல.